கடிதம் வாசித்த வகையில்

ஜனவரி 11

தங்கைக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி அப்படி இருப்பதாக இல்லை.

முறைப்படி முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? விசாரித்தாயிற்று.

உன் வக்கீலம்மாள் அனுப்பிய நோட்டீஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வீடு என்று ஒன்று எனக்கு இருப்பதே அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பியூன் வந்து கையெழுத்து வாங்கினார். என்னைவிட ஒன்பது வயது சின்னவர், ஒரு காலத்தில் என்னிடம் வந்து இயற்கணிதத்தில் சந்தேகம் கேட்டவர், இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் இருப்பவர், "சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த அக்கறையை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

அப்பா போய் இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. வீட்டை விற்றுப் பாதி கொடு என்கிறாய். அந்த வீட்டு மாடியில் அவரைக் கடைசி ஆறு வருடம் வைத்துப் பார்த்தது யார்? படுக்கையில் புரட்டிப் போட்டது யார்? நீ வருஷத்துக்கு இரண்டு தடவை பழப்பையோடு வருவாய். அவர் காலை நீட்டி மடக்கி நாலு பயிற்சி சொல்லித்தருவாய். "பொண்ணு கை பட்டதும் வலி பறந்துடுச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மற்ற நாளெல்லாம் பட்ட கை யாருடையது என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

உனக்குப் பிசியோதெரபி படிக்கப் பணம் கட்டிய வருடம் எனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. "நீ வேலைக்குப் போயிடு, அவ படிக்கட்டும்" என்றார். போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அப்பா போன அந்த வாரம் நீ ஊருக்குக் கிளம்பும்போது வீட்டில் இருந்த ஒரே இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துவைத்துக்கொண்டு போனாய். துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் நான் கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். சின்ன விஷயம்தான். எனக்குச் சின்ன விஷயங்களில்தான் ஞாபகசக்தி அதிகம்.

நானும் வக்கீல் வைத்துவிட்டேன். மிகவும் நிதானமானவர். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். அவர் சொன்னார்: "தங்கையோட போன்ல பேசாதீங்க. சொல்ல வேண்டியதை எழுதுங்க. ஒரு நகல் எனக்கு." ஆகவே எழுதுகிறேன். நகலைக் கீழ்க்கடை ஜெராக்ஸ்காரர் எடுக்கிறார். நம் சண்டையை நம் வாடகைக்காரர்தான் முதலில் படிக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
நகல்: என் வக்கீலுக்கு


ஜனவரி 29

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். அண்ணிக்கு முட்டிவலி தேவலையா?

கடிதம் கிடைத்தது. நான் கேட்பது பாதிதான். அதற்கு மேல் ஒரு செங்கல் வேண்டாம். அப்பாவை நீ பார்த்துக்கொண்டதை மறக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி நான் வரும்போது கொண்டுவந்தது. இருந்தாலும் விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

இனிமேல் சுருக்கமாகத்தான் எழுதுவேன். கோபம் என்று நினைக்காதே.

தங்கை
நகல்: என் வக்கீலுக்கு


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய வக்கீல் ஐயா அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள். தங்களின் முதல் பில் கிடைத்தது. அதைப் பார்த்த பிறகு என் நலத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் கணக்கு வாத்தியார் என்பதால் வரிவரியாகப் பார்த்தேன். "வாதியின் கடிதம் வாசித்த வகையில்: இரண்டு அலகு" என்று இருக்கிறது. வாதி என்றால் என் தங்கை. ஆறு நிமிடம் ஓர் அலகு என்று நம் ஒப்பந்தம் சொல்கிறது. என் தங்கையின் கடிதம் முழுசாகப் பத்து வரி இருக்காது. வாய்விட்டு, நிறுத்தி நிறுத்தி, பின்வரிசைப் பையனுக்கும் கேட்கிற மாதிரி படித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதிலும் ஒரு வரி என் மனைவியின் முட்டிவலி. அதையும் தாங்கள் சட்டக் கண்ணோட்டத்தில் வாசித்தீர்களா?

சென்ற மாதம் தங்கள் அறையில் பேசியதற்குப் பதினோரு அலகு போட்டிருக்கிறீர்கள். தாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரமும் அதில் சேர்த்தியா? தங்கள் நிதானத்தைப் பண்பு என்று நினைத்திருந்தேன். பில் வந்த பிறகுதான் அது வருமானம் என்று தெரிகிறது.

தங்களுக்கு இதுவரை கட்டியது என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. நீதிபதியின் முகத்தை இன்னும் நான் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் கட்சிக்காரன்


மார்ச் 3

ஐயா,

வணக்கம். தாங்களும் இல்லத்தாரும் நலம் என நம்புகிறேன். இந்த விசாரிப்புக்குக் கட்டணம் இல்லை.

கடிதம் வாசித்தல் என்பது கண்ணை ஓட்டுவது அன்று. முட்டிவலி பற்றிய விசாரிப்பைக் காட்டி, இரு தரப்புக்கும் இடையே சுமுக உறவு நிலவுவதாக எதிர்த்தரப்பு நாளை வாதாடலாம். அதையும் எடைபோட வேண்டியிருந்தது. யோசிப்பதும் உழைப்பே. யோசிக்கும்போது என் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பொருட்டல்ல.

தங்களுக்கு ஓர் ஆறுதல். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இதே முறையில்தான் கட்டணம் பெறுகிறார். தங்கைக்குத் தாங்கள் எழுதிய ஐந்து பக்கக் கடிதம் அங்கும் வாசிக்கப்பட்டிருக்கும்.

தங்கள் கடிதத்தை வாசித்த நேரமும் இப்பதிலை எழுதிய நேரமும் அடுத்த பில்லில் இடம்பெறும்.

தங்கள் உண்மையுள்ள,
வழக்கறிஞர்


ஏப்ரல் 6

தங்கைக்கு,

இங்கே சௌக்கியம். அங்கே மாப்பிள்ளையின் ரத்த அழுத்தம், உன் ஆஸ்பத்திரி வேலை, நீங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடி, அங்கே தண்ணீர் ஏறுகிறதா ஏறவில்லையா, பக்கத்து வீட்டு நாய் இன்னும் குரைக்கிறதா, எல்லாவற்றையும் விரிவாக அறிய ஆவல்.

இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். ஏன் என்று உன் வக்கீலம்மாளைக் கேள். மாதக் கடைசியில் அந்த அம்மாளுக்கு நன்றாகவே விளங்கும். கடிதம் ஏழு பக்கம், அதோடு இணைப்பு இருபத்திரண்டு பக்கம். அப்பாவின் மருந்துச் சீட்டுகள் அத்தனையும் இருக்கின்றன. அவர் கடைசிக் காலத்தில் என்னைத் திட்டிய வாக்கியங்களை எனக்கு நினைவிருக்கிற வரைக்கும் எழுதியிருக்கிறேன். நாம் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் யாருக்கு எந்த வருடம் புதுச் செருப்பு வாங்கினார்கள் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் உனக்குப் புதுச் செருப்பு. அந்த வருடம் எனக்கு இல்லை. சட்டப்படி இதற்கு மதிப்பு உண்டா என்று தெரியாது. படித்துப் பார்த்துத்தானே உன் வக்கீல் சொல்ல முடியும்? நிதானமாகவே படிக்கட்டும்.

கீழே போய் நகல் எடுத்தேன். ஜெராக்ஸ்காரர் கட்டைப் பார்த்துவிட்டு, "சார், இத்தனை பக்கம் படிக்கத் தங்கச்சிக்கு நேரம் இருக்குமா?" என்றார்.

"தங்கச்சி படிக்க வேணாம்பா. தங்கச்சியோட வக்கீல் படிச்சா போதும்."

"சார், ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க. உங்க குடும்பத்துல ஒத்துமை வந்துடுச்சுன்னா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

கோபித்துக்கொள்ளவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். ஆனால் மாடிக்கு வந்த பிறகு உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உன் அண்ணி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "நீங்க எழுதறதையெல்லாம் வக்கீலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே படிச்சுப் பாருங்க" என்றாள். படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

பதிலையும் இதே அளவுக்கு விரிவாக எதிர்பார்க்கிறேன்.

அண்ணன்
நகல்: என் வக்கீலுக்கு


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் அண்ணியும் நலமா?

இணைப்பு உட்பட எல்லாம் வந்து சேர்ந்தன. படித்தேன். இனி மேலே உள்ள புது முகவரிக்கு எழுது.

தங்கை
நகல்: என் வக்கீலுக்கு


ஜூன் 14

தங்கைக்கு,

நாங்கள் சௌக்கியம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். சௌக்கியக் குறைச்சல் உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் எழுதுவார்கள்.

இருபத்தொன்பது பக்கத்துக்கு நாலு வரி. நான் பரீட்சைத் தாள் திருத்துகிறவன். விடை தெரியாத பையன்கூடக் கேள்வியையாவது திருப்பி எழுதி வைப்பான். உன்னிடம் அந்த மரியாதைகூட இல்லை. "படித்தேன்." என்ன படித்தாய்? எந்தப் பக்கம் உனக்கு உறைத்தது? ஒன்றும் உறைக்கவில்லை என்றால் அதையாவது எழுதியிருக்கலாம்.

வீடு வேறு மாற்றிவிட்டாய். முகவரியில் "கீழ்த்தளம்" என்று பார்த்தேன். மாடி ஏறி இறங்குவது மேடத்துக்குச் சலித்துவிட்டதா? இங்கே உன் அண்ணி வீங்கின முட்டியோடு தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிறாள். அவளுக்கு யாரும் கீழ்த்தளம் பார்த்துக் கொடுக்கவில்லை.

போன வாரம் கோர்ட்டில் உன் தரப்பு வாய்தா வாங்கியது. காரணம் கேட்டால் "சொந்தக் காரணம்" என்கிறார்கள். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தலைமையாசிரியரின் அனுதாபப் பார்வையை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டு, கால் ஆடுகிற ஒரு பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். நீ வரவே இல்லை. என் வக்கீல் உன் வக்கீலோடு வராந்தாக் கோடியில் நின்று ஏதோ பேசினார். திரும்பி வந்து, "ஒன்றுமில்லை, தேதி தள்ளிப்போகிறது" என்றார். அந்த ஒன்றுமில்லைக்கும் எனக்கு பில் வரும்.

இழுத்தடிக்கலாம் என்று பார்க்கிறாய். இழு. எனக்கும் இழுக்கத் தெரியும். பதில் எழுது. இந்தத் தடவையாவது ஒரு பக்கத்தை நிரப்பு.

அண்ணன்
நகல்: என் வக்கீலுக்கு


ஆகஸ்ட் 9

மதிப்பிற்குரிய வக்கீல் ஐயா அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. மன்னிக்கவும்.

என் தங்கையிடமிருந்து இரண்டு மாதமாகப் பதில் இல்லை. இன்று தங்கள் பில் வந்தது. அதில் ஒரு வரி: "வாதியின் அறுவை சிகிச்சை தொடர்பாக எதிர்த்தரப்பு வழக்கறிஞருடன் உரையாடிய வகையில்: இரண்டு அலகு."

என்ன அறுவை சிகிச்சை? யாருக்கு? என் தங்கைக்கா? எப்போது? தாங்கள் எப்போது பேசினீர்கள்? நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே, அன்றைக்கா? என் கூடப்பிறந்தவளுக்கு உடம்பு சரியில்லை என்பதை நான் காசு கொடுத்து, அதுவும் இரண்டு மாதம் கழித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

உடனே பதில் வேண்டும். அதற்கு எத்தனை அலகு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள் கட்சிக்காரன்


ஆகஸ்ட் 16

ஐயா,

வணக்கம். தாங்கள் மனஅமைதியோடு இருப்பது வழக்குக்கு நல்லது.

வாதிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. வாய்தாவுக்கு நாம் ஆட்சேபிக்காதிருக்கும் பொருட்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அன்று என்னிடம் மட்டும் தெரிவித்தார். ஜூலை முதல் வாரத்தில் நடந்து முடிந்ததாக அறிகிறேன். வாதி தற்போது வேலைக்குச் செல்லவில்லை. மீண்டும் அதே வேலைக்குச் செல்ல இயலுமா என்பதும் ஐயமே.

தங்களிடம் உடனே தெரிவிக்காததற்குக் காரணம் உண்டு. தாங்கள் உணர்ச்சிவசப்பட்டு எதையேனும் எழுதிவிடக்கூடும். உண்மையில் இத்தகவல் நமக்குச் சாதகமானது. பணத்தேவை உள்ளவரால் காத்திருக்க இயலாது. இன்னும் ஓர் ஆண்டு இழுத்தால், பாதி கேட்பவர் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி வருவார் என்பது என் மதிப்பீடு.

அக்டோபரில் சாட்சி விசாரணை தொடங்குகிறது. அதற்கான முன்பணம் குறித்த விவரம் தனியே அனுப்பியுள்ளேன். கையில் இல்லாவிடில் வீட்டின் பேரில் கடன் பெறலாம். எதிர்த்தரப்பும் தம் பங்கின் பேரில் அவ்வாறே செய்யவிருப்பதாகத் தெரிகிறது.

தங்கையார் விரைவில் குணமடைய என் வாழ்த்துகள்.

தங்கள் உண்மையுள்ள,
வழக்கறிஞர்


ஆகஸ்ட் 18

தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய்?

முதுகில் ஆபரேஷன் என்று வக்கீல் அனுப்பிய பில்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் இன்று ஒரு சுலபமான கணக்கைக் கரும்பலகையில் தப்பாகப் போட்டேன். பையன்கள் சொல்லித்தான் தெரிந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இதற்கு நகல் எடுக்கவில்லை. நீயும் எடுக்காதே.

அண்ணன்


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணா,

நகல் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதனால் இந்தத் தடவை நீளமாக எழுதப்போகிறேன்.

மல்லாந்து படுத்துக்கொண்டு, நெஞ்சின் மேல் அட்டையை நிறுத்தி எழுதுகிறேன். இந்த வாக்கில் பேனா எழுதாது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். அதனால் பென்சில். அங்கங்கே மங்கியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படி. மற்றபடி தேறி வருகிறேன். இடது காலில் மரத்துப்போனது பாதி திரும்பியிருக்கிறது. அவர் சமைக்கிறார். அதைச் சாப்பிட்டுவிட்டும் தேறி வருகிறேன் என்றால் உடம்பு கெட்டிதான் என்று அண்ணியிடம் சொல்.

போன டிசம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், அதற்குப் பிறகு ஆளைத் தூக்குகிற வேலை கூடாது என்று. ஆளைத் தூக்காமல் என் வேலையில் என்ன இருக்கிறது? அப்போதுதான் உனக்கு இரண்டு தடவை போன் செய்தேன். "வீட்டுப் பேச்சுன்னா போனை வெச்சுடு" என்றாய். வைத்துவிட்டேன்.

நோட்டீஸ் அனுப்பியது என் புத்தி. அதைப் பார்த்ததும் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், என்னைக் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழிப்பாய், அந்தச் சாக்கில் பேச்சு ஆரம்பித்துவிடும் என்று நினைத்தேன். நீ வக்கீலைப் பிடித்தாய். பிறகு எனக்கு இறங்க வழி தெரியவில்லை. உடம்பு விஷயத்தை மட்டும் வெளியே விடாதீர்கள் என்று என் வக்கீல் சொன்னார். அவசரம் என்று தெரிந்தால் அண்ணன் தரப்பு விலையைக் குறைக்கும் என்றார். அண்ணன் அப்படிச் செய்யமாட்டான் என்று சொன்னேன். அதைச் சொன்னதற்கும் பில் வந்தது.

என் கடிதமெல்லாம் ஏன் நாலு வரி என்று கேட்டாய். முதல் பில்லிலேயே எனக்குப் புரிந்துவிட்டது அண்ணா. நான் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் நீ அங்கே காசு கட்டுவாய். வாத்தியார் சம்பளம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் சுருக்கினேன். உன் செருப்புக் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. ஏழாம் வகுப்பில் எனக்குக் கொடுத்தது புதுசு இல்லை, உன்னுடைய பழசு, வார் மாற்றித் தைத்தது. அப்பவே எழுதியிருப்பேன். உனக்கு ஓர் அலகு ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

உன் இருபத்தொன்பது பக்கத்தை என் வக்கீல் நாலு மணி நேரம் வாசித்தார். ஆஸ்பத்திரி அட்வான்ஸுக்காக எடுத்துவைத்திருந்ததில் அது போயிற்று. மீதியை வீட்டுக்காரர் யார் யாரிடமோ கடன் வாங்கினார்.

எனக்குக் கோபமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பாவைப் புரட்டிப் போட்டது நீ, நீ என்று எழுதுகிறாய். இல்லை என்று யார் சொன்னது? நான் பதினெட்டு வருடமாக யார் யார் அப்பாவையோ புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில்தான் முதுகு போயிற்று. அந்தப் படிப்பைத்தான் உன்னிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன் என்கிறாய்.

அக்டோபரில் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன்பணம் கேட்கிறார்கள். என் பங்கின் மேல் கடன் வாங்குவதற்கான தாள்கள் தலைமாட்டில் இருக்கின்றன. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வேறு வழி இருந்தால் சொல்.

அண்ணியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டு. என்னிடம் காட்டினால் இலவசம். இப்போதைக்கு என்னால் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

உன் தங்கை


செப்டம்பர் 21

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. தினமும் எழுத உட்காருகிறேன். எழுந்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தபால் பெட்டியைத் தாண்டி நடந்து, திரும்பி, மறுபடி தாண்டுகிறேன். எழுதாத கடிதத்தை எப்படிப் போடுவது என்று எனக்கே சிரிப்பு வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் ஒரே கடிதத்தில் கரைந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. செருப்பைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன். மற்றவை அப்படியே இருக்கின்றன. ஆராய்ச்சிப் படிப்பு போனது போனதுதான். அதற்கு நீ பொறுப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கோபப்பட அப்பாவும் இல்லை.

இப்போது சொல்லக்கூடாததைச் சொல்கிறேன். உன் வக்கீல் பயந்தது சரி. உனக்கு அவசரம் என்பது என் வக்கீலுக்கு ஜூன் மாதமே தெரியும். ஒரு வருடம் இழுத்தால் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றுக்கு நீ இறங்கிவிடுவாய் என்று எனக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். உன் சம்பளம் இல்லாத மாதங்கள், வைத்தியச் செலவு, வட்டி, இரண்டு பக்க வக்கீல் கட்டணம், எல்லாம் போட்டேன். அவர் சொன்னது சரி. நீ இறங்கித்தான் ஆக வேண்டும். எனக்கு லாபம். விடை சரியாக வந்துவிட்டால் எந்தக் கணக்கையும் அதோடு மூடிவைத்துவிடுகிற ஆள் நான். இதை மூட முடியவில்லை. அண்ணன் அப்படிச் செய்யமாட்டான் என்று நீ காசு கொடுத்துச் சொல்லியிருக்கிறாய். அந்த அண்ணன் கணக்குப் போட்டு, சரிபார்த்து, அடியில் கோடும் கிழித்துவிட்டான் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அப்புறம்தான் எழுந்து நடக்க ஆரம்பித்தான்.

அந்தத் தாள்களில் கையெழுத்துப் போடாதே. நானும் போடப்போவதில்லை. வீட்டை விற்றுவிடலாம். பாதி உனக்கு, பாதி எனக்கு. விற்கிற வரைக்கும் கீழ்க்கடை வாடகை இந்த மாதத்திலிருந்து உனக்கு வரும். ஜெராக்ஸ்காரரிடம் சொல்லிவிட்டேன். "சண்டை தீந்துடுச்சா சார்?" என்றார். தெரியவில்லை என்றேன். "அப்ப வேற கடை பாக்கறதா வேணாமா?" என்றார். பாருங்கள் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது, நானும் வேறு வீடு பார்க்க வேண்டும் என்று. இந்த வயதில் வாடகை வீடு. தலைமையாசிரியர் காதுக்கு எட்டினால் உதவிக்கு வருவார். அதைத்தான் தாங்க முடியாது.

உன் அண்ணியிடம் சொன்னேன். ஒரு மாதமாக என்னோடு பேசாமலிருந்தவள், "கீழ்வீடா பாருங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். பிறகு பரணிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டாள். இன்னும் விற்கவே இல்லையடி என்றால் காதில் வாங்கவில்லை. அவளுக்கு இந்த வீட்டின் மேல் என்ன கோபம் என்று இத்தனை வருடம் நான் கேட்டதே இல்லை.

வரும் திங்கட்கிழமை காலை நீ உன் வக்கீலுக்கு ஒரு வரி எழுது. நான் என் வக்கீலுக்கு அதே வரியை எழுதுகிறேன். "சமரசம் ஆகிவிட்டது, இனி எங்களுக்காக எதையும் வாசிக்க வேண்டாம்." அதற்கு மேல் ஒரு சொல் எழுதாதே. நன்றி என்று போட்டால் அதையும் யோசிப்பார்கள்.

இதற்கும் நகல் இல்லை. அது மட்டும் போதாது என்று தோன்றுகிறது. பிரதிவாதியே தன் வக்கீலின் திட்டத்தை எதிராளிக்குப் போட்டுக்கொடுக்கிறான். இது உன் வக்கீல் கையில் கிடைத்தால் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்து, பாதிக்கு மேல் கேட்கச் சொல்வார். என் வக்கீல் கையில் கிடைத்தால் என்னைக் கைகழுவிவிட்டு, கைகழுவிய நேரத்துக்கு பில் அனுப்புவார். கையெழுத்துப் போட்ட தாள் ஆவணமாகிவிடும். போடாத தாள் ஒருத்தன் ஏதோ எழுதினான் என்பதோடு போகும். நீ என்னை நம்பாமல் போனால், எனக்கும் இதை எழுதவில்லை என்று சொல்ல ஓர் இடம் இருக்கும். பார், இப்போதும் எனக்கு அந்த யோசனைதான் போகிறது.

அது மட்டும் காரணம் இல்லை. "அன்புள்ள அண்ணன்" என்று போட்டுப் பார்த்தேன். கை கூசியது, அடித்துவிட்டேன். வெறும் "அண்ணன்" என்று போட்டால் அந்த இருபத்தொன்பது பக்கத்தை எழுதியவன் மாதிரி இருக்கிறது. அவன் கையெழுத்து இதன் கீழே வர வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நான் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தால் இந்தக் கடிதம் இன்னும் ஐந்து நாள் மேசையில் கிடக்கும். உனக்கு மாதக் கடைசி வந்துவிடும்.

முதுகை அசைக்காமல் படுத்திரு. தபால் எடுக்க வருகிற நேரமாகிவிட்டது. கீழே ஒன்றும் எழுதாமல் அப்படியே ஒட்டிப் போட்டுவிடுகிறேன்.